பழைய பொறிக்குப் புத்துயிர்: ஒரு வரலாறு

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள், நம் காலனியில் பல இல்லங்களில் இருந்த கணிப்பொறிகள் ஒரே நாளில் முதுமை எய்தின. முந்தைய நாள் இரவு வரை பிள்ளைகளுக்குப் பாடம் காட்டியவை அவை. பெரியவர்களுக்கு ஊர்ச் செய்தி கொண்டுவந்து தந்தவை அவை. அன்று அவற்றின் திரை உடையவில்லை, விசைப்பலகை தேயவில்லை, உள்ளே இருக்கும் ஒரு திருகாணியும் கழலவில்லை. ஆயினும் அவை பழையன ஆயின. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்துவதாக அதனை ஆக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் குறித்திருந்த நாள் அதுவே. விரும்பிப் பதிந்துகொள்வோர்க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், குறித்ததொரு தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் இருந்தால்தான் குடிபுகுவேன் என்றது. 2017ஆம் ஆண்டுக்கு முன்னர் வாங்கிய பொறிகளுள் பெரும்பாலானவை அந்த விதிக்குள் அடங்கவில்லை.

இதனால் நம் இல்லத்தரசிகள் பலர் கேட்கும் வினா இது: “நேற்று நன்றாக ஓடிய பொருளைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?” மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்க்கு இது சிறிய வினா அன்று. இதற்கு விடை சொல்லக் கணிப்பொறிப் பொறியாளர்தாம் வேண்டும் என்பதில்லை. வரலாறே விடை சொல்கின்றது. கணிப்பொறி உலகில் இன்று நாம் காணும் பெருஞ் செல்வங்களுள் ஒன்று, எவரும் மிகுதியாகப் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய பொறிக்குப் புதிய இயங்குதளம் ஒன்றை எழுதியதனால் பிறந்ததாகும். அந்த வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி வேறு, ஒழுங்கு வேறு

முதற்கண் இயங்குதளம் என்பது யாது என்று தெளிவோம். நம்முள் பெரும்பாலோர் இரயில்வே குடும்பத்தினர். ஆதலின் இரயில்வேயைக் கொண்டே விளக்குவது எளிது. ஒரு நிலையத்தில் தண்டவாளம் இருக்கின்றது; நடைமேடை இருக்கின்றது; எஞ்சின் இருக்கின்றது; பெட்டிகள் இருக்கின்றன. இவை எல்லாம் இருந்தாலும் வண்டி தானே ஓடிவிடுமா? எந்த வண்டிக்கு எந்த நடைமேடை, எதற்கு முன்னுரிமை, எது வெளிக்கைகாட்டியில் காத்து நிற்க வேண்டும், எப்போது லைன் கிளியர் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும் அன்றோ? கணிப்பொறிக்குள் அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் வேலையைச் செய்வதே இயங்குதளம். செயலி என்னும் எஞ்சினை எந்த வேலைக்கு எத்தனை நேரம் கொடுப்பது, நினைவகம் என்னும் நடைமேடையில் எதற்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது, வட்டு என்னும் கிடங்கில் எந்தச் சரக்கை எங்கே அடுக்குவது என்பனவற்றை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கின்றது.

நம் இரயில்வேயில் ‘கண்டம்’ செய்தல் என்றொரு வழக்கு உண்டு. இனிப் பயன்படாது என்று ஒரு பொருளை ஒதுக்கிவிடுதலுக்கு அது பெயர். ஆனால் அங்கே ஒரு பொருளைக் கண்டம் செய்வதற்கு முறை உண்டு. ஐ.சி.எஃப். வகைப் பயணியர் பெட்டிக்கு ஆயுள் 25 ஆண்டு என வரையறுத்தனர். பாதி ஆயுள் கடந்ததும் போபாலில் உள்ள பெட்டிப் புனரமைப்புப் பணிமனை போன்ற இடங்களுக்கு அனுப்பினர். அங்கே துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, தரையை மாற்றி, கம்பிகளைப் புதுப்பித்து, மறுபடியும் வழியில் விடுவர். சட்டகம் உறுதியாக இருக்கும்வரை பெட்டியைக் கண்டம் செய்வதில்லை. கணிப்பொறியில் மட்டும் நாம் தலைகீழாக நடந்துகொள்கின்றோம். ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்றார் என்பதற்காக நிலையத்தையே இடித்துவிட எண்ணுகின்றோம்.

மூலையில் கிடந்த பி.டி.பி.-7

1960களின் நடுவில் அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்னும் பெரியதோர் இயங்குதளத்தை ஆக்க மூன்று அமைப்புகள் கைகோத்தன. எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வகம் ஆகியவையே அவை. நோக்கம் பெரிது, செலவும் பெரிது, காலமோ நீண்டுகொண்டே போயிற்று. 1969இல் பெல் ஆய்வகம் அம்முயற்சியினின்று விலகிக்கொண்டது. அதில் உழைத்த கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய இளைஞர்கள் தமக்கு வசதியான பொறி ஒன்றும் இல்லாமல் நின்றனர். புதிய பொறி வாங்கித் தருமாறு மேலிடத்திற்கு எழுதிக் கேட்டனர். மல்டிக்ஸில் கையைச் சுட்டுக்கொண்ட மேலிடம் இணங்கவில்லை.

அந்நிலையில் தாம்ப்சன் கண்ணில் பட்டது, ஆய்வகத்தில் மிகுதியாகப் பயன்படாமல் இருந்த பி.டி.பி.-7 என்னும் பொறி. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1960களின் நடுவில் 72,000 டாலர் விலைக்கு விற்ற பொறி அது. 1966லேயே அதன் வாரிசாகிய பி.டி.பி.-9 வந்துவிட்டமையால், 1969இல் அது பழைய மாதிரியே. அதன் நினைவகம் 18 பிட்டு அளவுள்ள 8,192 சொற்கள். இன்றைய கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 18 கிலோபைட்டு. நம் வீட்டில் ‘மெதுவாக இருக்கிறது’ என்று ஒதுக்கி வைத்துள்ள 4 ஜிகாபைட்டு மடிக்கணினியின் நினைவகம் அதனைப் போல் ஏறத்தாழ இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் மடங்கு பெரிது. இந்த ஓர் ஒப்பீட்டை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

தாம்ப்சன் அப்பொறியை முதலில் நாடியது ஒரு விளையாட்டுக்காகவே என்பது சுவையான செய்தி. ஞாயிற்று மண்டலத்தில் விண்கலம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அவர் எழுதியிருந்தார். பெரிய பொறியில் அதனை ஒருமுறை ஆடினால் 75 டாலர் அளவுக்குக் கணக்கில் ஏறிற்று. ஆதலால் அதனைச் சிறிய பொறிக்கு மாற்ற முனைந்தார். பி.டி.பி.-7இல் அவருக்கு உதவும் மென்பொருள் ஒன்றும் இல்லை. நிரலை வேறொரு பெரிய பொறியில் ஆயத்தம் செய்து, துளையிட்ட காகித நாடாவில் பதித்து, அந்த நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய பொறிக்கு ஊட்ட வேண்டியிருந்தது. இந்த அலைச்சல்தான் அப்பொறியின் இயல்பை அவருக்கு நன்கு கற்றுக்கொடுத்தது.

கோப்புகளை எவ்வாறு அடுக்கி வைப்பது என்பதற்கு அவரும் ரிச்சியும் ரட் கனடே என்பவரும் முன்னரே கரும்பலகையில் திட்டம் வரைந்திருந்தனர். 1969 கோடையில் தாம்ப்சனின் மனைவியார் கைக்குழந்தையுடன் உறவினரைக் காணக் கலிபோர்னியாவுக்குச் சென்றார். வீட்டில் தனித்திருந்த அந்தச் சில வாரங்களில் தாம்ப்சன் இயங்குதளத்தின் கரு, கட்டளை ஏற்கும் பகுதி, உரை எழுதும் கருவி, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கருவி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதி முடித்தார். அதன்பின் காகித நாடாவைச் சுமக்கும் வேலை ஒழிந்தது. பழைய பி.டி.பி.-7 தன் காலில் தானே நின்றது. அடுத்த ஆண்டு அதற்கு யூனிக்ஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. மல்டிக்ஸ் என்னும் பெரும் பெயரைக் கேலி செய்து எழுந்த சிறு பெயர் அது.

இங்கே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய பொறி கிடைத்திருந்தால் அந்த இளைஞர்கள் அதனோடு வந்த மென்பொருளைக் கொண்டே மன நிறைவு அடைந்திருக்கலாம். பழைய பொறியின் குறுகிய இடமே அவர்களைச் சிக்கனமாக எழுதச் செய்தது. ஒவ்வொரு கருவியும் ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்ய வேண்டும். ஒன்றன் விளைவை மற்றொன்று எடுத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும் என்னும் யூனிக்ஸ் மரபு அந்தச் சிக்கனத்தில் வளர்ந்ததே. ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்த தாய்மார்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

பொறி விட்டுப் பொறி தாவியது

1970இல் அக்குழுவினர்க்குப் பி.டி.பி.-11 என்னும் புதிய பொறி கிடைத்தது. ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவினர்க்கு விண்ணப்பங்களைத் தட்டெழுத்தில் ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லி அதனைப் பெற்றனர். சொன்னபடி 1971இல் செய்தும் கொடுத்தனர். 1973இல் யூனிக்ஸை ரிச்சி வகுத்த ‘சி’ என்னும் மொழியில் திருப்பி எழுதினர். இதுவே பெரிய திருப்பம். அதுவரை இயங்குதளம் என்பது ஒரு பொறியின் தசையோடு தசையாக ஒட்டியிருந்தது. அப்பொறி மாய்ந்தால் அதுவும் உடன்கட்டை ஏற வேண்டியதே. இப்போது அதனைக் கழற்றி வேறொரு பொறியில் மாட்ட வழி பிறந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வுலாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் என்பவர் யூனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 என்னும் முற்றிலும் வேறான பொறியில் ஏற்றிக் காட்டினார். அக்காலத்திலேயே பெல் ஆய்வகத்தாரும் இன்டர்டேட்டா 8/32 பொறியில் ஏற்றினர். ஸ்டேஷன் மாஸ்டரை எந்த நிலையத்திற்கும் மாற்றலாம் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

மற்றொரு தற்செயலும் துணை செய்தது. 1956இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையின்படி, ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பாக வாணிகம் செய்யலாகாது. ஆதலின் யூனிக்ஸை அது ஒரு சரக்காக விற்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலுடன் மிகக் குறைந்த கட்டணத்தில் உரிமம் வழங்கிற்று. மாணவர்கள் அதனைத் திறந்து படித்தனர், திருத்தினர், ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கினர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டி. என்னும் கிளை தழைத்தது. 1980களில் தடை நீங்கி வாணிகம் தொடங்கியதும், திறந்த கதவு மெல்ல மெல்ல மூடலாயிற்று.

எல்லார்க்கும் உரியது

கதவு மூடுவதைக் கண்டு வருந்தியவர்களுள் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் முதன்மையானவர். மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்குக் கொடுக்கவும் ஒவ்வொருவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமம் வெளியாயிற்று. பெற்றவன் தான் பெற்ற உரிமையைப் பிறர்க்கும் தர வேண்டும் என்பதே அதன் சாரம். பல கருவிகள் உருவாயின. ஆனால் அவற்றை எல்லாம் தாங்கும் கரு ஒன்று குறைவாகவே இருந்தது.

அக்குறையை நிறைத்தவர் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991இல் அவருக்கு வயது 21. இன்டெல் 386 செயலி கொண்ட தம் வீட்டுப் பொறிக்குத் தாமே ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிறர்க்குச் செய்தி விடுத்தபோது, பொழுதுபோக்காகச் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் ஆகாது என்றே அடக்கமாக எழுதினார். அதுவே லினக்ஸ். 1992இல் அது குனு பொது உரிமத்தின் கீழ் வந்தது. 1993இல் இயன் மர்டாக் என்பவர் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். கருவையும் கருவிகளையும் ஒன்றுசேர்த்து, நிறுவுவதற்கு ஆயத்தமாகத் தரும் தொகுப்பை ‘வழங்கல்’ என்பர். டெபியன் அத்தகைய வழங்கல்களுள் மூத்தவற்றுள் ஒன்று. பின்வந்த பலவற்றிற்குத் தாய்.

பழைய பொறிகளுக்கு இதனால் விளைந்த நன்மை யாது? இயங்குதளத்தின் ஆயுளை நிர்ணயிப்பது ஒரு நிறுவனத்தின் விற்பனைத் திட்டம் மட்டும் என்னும் நிலை மாறிற்று. ஒரு பொறியை விரும்பிப் பேணுவோர் உலகில் எங்கேனும் சிலர் இருந்தாலும், அவர்கள் அதற்கு ஏற்ற இயங்குதளத்தைத் தாமே தொடர்ந்து செப்பனிட முடிந்தது. 1993இல் தோன்றிய நெட்பி.எஸ்.டி. என்பது இதற்கு நல்ல சான்று. வாக்ஸ் என்னும் 1970களின் பொறிவகைக்கும் அதனைப் பேணி வந்துள்ளனர். இரயில்வே அன்பர்க்கு வாக்ஸ் அறிமுகமான பெயரே. 1985இல் புது டெல்லியில் முன்பதிவு கணிப்பொறிமயம் ஆகத் தொடங்கியபோது இம்ப்ரெஸ் என்னும் திட்டம் ஓடியது வாக்ஸ் பொறிகளில்தான். வரிசையில் நின்று, கையால் எழுதிய பதிவேட்டைப் பார்த்துப் பெர்த் தேடிய காலம் அதனோடு மறையத் தொடங்கிற்று.

சிறு பொறிக்குச் சிறு தளம்

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் என்பவர் நாப்பிக்ஸ் என்றொரு வழங்கலை வெளியிட்டார். அதனை வட்டில் நிறுவ வேண்டியதில்லை, குறுந்தகட்டிலிருந்தே ஓடும். பொறியில் உள்ள எதனையும் அழிக்காமல், ‘இது இங்கே வேலை செய்யுமா’ என்று பார்த்துவிடலாம். பெண் பார்க்கப் போவது போன்ற இந்த வசதி, எளிய மக்களின் அச்சத்தைப் போக்கிற்று. இன்று குறுந்தகட்டின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்துக்கொண்டது, முறை அதுவே.

2003இல் ஆஸ்திரேலியாவில் பாரி காலர் என்பவர் பப்பி லினக்ஸைத் தொடங்கினார். நாய்க்குட்டி என்று பொருள்படும் அப்பெயர்க்கு ஏற்ப அது சிறியது. முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால், வட்டு பழுதான பொறியிலும் துள்ளி ஓடிற்று. 1999இல் தோன்றிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் இன்னொரு வழி காட்டியது. வலுவான பொறி ஒன்றை நடுவில் வைத்து, பழைய பொறிகள் பலவற்றை அதனோடு கம்பியால் இணைத்து, அவற்றை வெறும் திரையும் விசைப்பலகையுமாகப் பயன்படுத்தும் முறை அது. பல நாட்டுப் பள்ளிக்கூடங்கள் இதனால் பயன் பெற்றன. லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு முதலியவை இன்றைய பழைய பொறிகளுக்கு ஏற்றவை. கூகுள் நிறுவனமும் 2022இல் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்பதைப் பழைய பொறிகளுக்கென்றே இலவசமாக வெளியிட்டது. பழையதற்குப் புத்துயிர் ஊட்டுவது ஏதோ சில பித்தர்களின் பொழுதுபோக்கு அன்று என்பது இதனால் தெளிவாகும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இத்துறையில் முன் நின்றது கேரளம். 2001இல் அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் பள்ளித் திட்டம் தொடங்கப்பட்டது. 2017இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாக மலர்ந்தது. அரசுப் பள்ளிகளுக்கென்றே கட்டற்ற இயங்குதளத் தொகுப்பு ஒன்றை ஆக்கி, ஆசிரியர்களைக் கொண்டே அதனை வளர்த்தனர். உரிமக் கட்டணமாகப் போயிருக்கக்கூடிய பணம் பிள்ளைகளின் கல்விக்கே நின்றது.

தமிழகத்திற்கும் இதில் நேர்ப் பங்கு உண்டு. பாஸ் எனச் சுருக்கமாக வழங்கும் பாரத இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது, சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையமே. டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகள் பலவற்றில் இயங்கும்படி அதனை ஆக்கினர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அப்பொறிகளில் விண்டோஸுடன் பாஸ் தளமும் இடம் பெற்றது. ஊரிலிருந்து கல்லூரிக்கோ வேலைக்கோ இங்கு வந்த நம் உறவுப் பிள்ளைகள் பலர் அந்த மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்ததை நாம் கண்டிருக்கின்றோம். அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன என்பதை அறியாமலே பயன்படுத்தியவர்கள் மிகப் பலர்.

தமிழில் எழுதுவதற்கும் இத்தளங்களில் குறைவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அவ்விசைப்பலகையை இன்றைய லினக்ஸ் வழங்கல்களில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். கே.டி.இ., குநோம் என்னும் திரைமுகப்புகளைத் தன்னார்வத் தமிழர்கள் தமிழாக்கி வந்துள்ளனர். பட்டியலும் கட்டளையும் தமிழிலேயே தோன்றும் ஒரு கணிப்பொறி, பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு எத்துணைப் பெரிய துணை என்பதை எண்ணிப் பாருங்கள்.

எல்லையும் உண்டு

புகழ்ந்துரைத்ததோடு நின்றால் அது வரலாறு ஆகாது. புத்துயிருக்கும் எல்லை உண்டு. 386 செயலிக்கென்றே பிறந்த லினக்ஸ், 2012 இறுதியில் அந்த 386ஐயே கைவிட்டது. அதனைப் பேணும் சுமை, பயன்படுத்துவோர் தொகையை விடப் பெரிதாகிவிட்டதே காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட்டுப் பொறிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திற்று. ஆகவே மிகப் பழைய பொறியாயின் வேறு வழங்கல் தேட வேண்டும். கணக்கு எழுதும் டேலி போன்ற சில மென்பொருள்கள் விண்டோஸிற்கே உரியவை. அத்தொழில் செய்வோர் அவசரப்படலாகாது. இன்றைய இணையப் பக்கங்களும் நினைவகத்தை மிகுதியாக உண்கின்றன. இயங்குதளம் எவ்வளவு மெலிந்திருந்தாலும் உலாவி பருமனாயிற்றே! சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்று பொருத்துவதும், இடம் இருந்தால் நினைவகத்தைக் கூட்டுவதும் இதற்குத் தக்க மருந்து. மின்கலம் உப்பியிருந்தால் அதனை முதலில் அகற்ற வேண்டும். அதில் விளையாட்டு வேண்டா.

தமிழர்க்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் தட்டெழுதிய கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், மலர்க் கட்டுரைகள் யாவும் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் என்று சிதறிக் கிடந்த காலத்தவை. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் அவற்றைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஆதலின் பழைய தளத்தை அழிப்பதற்கு முன், கோப்புகளோடு அந்த எழுத்துருக்களையும் படியெடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்த்தல் நலம்.

நம் சங்கத்தின் முன் உள்ள வினா

இவ்வளவும் கூறியதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் வாசகசாலையில் நான்கு கணிப்பொறிகள் இருக்கின்றன. ஞாயிறு தோறும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அவற்றில் எழுதிப் பழகினர். இப்போது அவை துணி போர்த்தியபடி இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டு நிதி சேரும்வரை காத்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நிதி சேர இரண்டாண்டு ஆகலாம். பெரியவர்களுக்கு இரண்டாண்டு ஒன்றும் பெரிதன்று. எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டாண்டு என்பது மொழி கைக்கு வருவதற்கும் வராமல் போவதற்கும் உள்ள இடைவெளி. வெளி மாநிலத்தில் பிறந்து, தெருவில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியும் பேசும் குழந்தை, வாரத்திற்கு ஒருமுறை தமிழ் எழுத உட்காரும் இடம் அந்த வாசகசாலைதான். அதனைப் பூட்டி வைத்துவிட்டுப் புதுப் பொறிக்காகக் காத்திருப்பது முறையாகுமா?

சோதனைக்காக நான்கனுள் ஒன்றை எடுத்து, முதலில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, பின்னர் எஸ்.எஸ்.டி. பொருத்தி லினக்ஸ் மின்டு நிறுவிப் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் நம் காலனிப் பிள்ளைகள் இருவர் துணை செய்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேலை முடிந்தது. தமிழ்99 விசைப்பலகை அமைந்தது, லிப்ரஆபீஸ் என்னும் கட்டற்ற எழுதுகருவி வந்தது, ஒலிபெருக்கி பேசிற்று. அச்சுப்பொறி மட்டும் அடுத்த வாரம் வரை அடம் பிடித்துப் பின்னர் வழிக்கு வந்தது. ஆன செலவு, பொங்கல் விழாவில் ஷாமியானாவுக்கு நாம் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதியே. எஞ்சிய மூன்றையும் இவ்வாறே செய்ய வரும் பொதுக்குழுவில் இசைவு கோர இருக்கின்றோம். தத்தம் வீட்டில் ஓய்ந்திருக்கும் பொறிகளைக் கபாடிக்குப் போடுமுன் வாசகசாலைக்குக் காட்டுமாறும் அன்பர்களை வேண்டுகின்றோம். தேறாதவற்றை மின்கழிவு வாங்க உரிமம் பெற்றவரிடமே ஒப்படைப்போம். உடைத்து எரித்தால் ஈயமும் நச்சுப் புகையும் அப்பணியைச் செய்யும் ஏழைகளைத்தான் முதலில் தாக்கும்.

இறுதியாக ஒரு செய்தி. தாம்ப்சன் 1969இல் எழுதிய அந்த முதல் யூனிக்ஸ் பல ஆண்டுகள் காகிதத்தில் அச்சிட்ட நிரலாக மட்டுமே எஞ்சியிருந்தது. 2016இல் அந்த அச்சுத் தாள்களின் படம் வெளிவந்தபோது, பல நாட்டு ஆர்வலர்கள் கூடி, வரி வரியாகத் தட்டெழுதி, விடுபட்ட பகுதிகளைத் தாமே எழுதிச் சேர்த்து, பி.டி.பி.-7ஐப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றில் அதனை மீண்டும் ஓட்டிக் காட்டினர். ஊதியம் கருதிச் செய்த வேலை அன்று அது. மூத்தோர் பொருளைக் காக்கும் வேலை. ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்து அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரைப் போற்றும் இனம் நம் இனம். இத்தகைய உழைப்பின் அருமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பதினெட்டுக் கிலோபைட்டு நினைவகத்தில் ஓர் உலகம் பிறந்தது. நான்கு ஜிகாபைட்டில் நம் பிள்ளைகள் அகரம் எழுதக்கூடாதா? பொதுக்குழு விடை கூறுக.